பத்துக்கு எத்தனை

மார்ச் 3

அன்புள்ள டீச்சருக்கு,

பார்லர்க்காரி எழுதிக்கொள்வது. இங்கே யாரும் நலமில்லை. அங்கேயும் அப்படித்தான் என்று அறிய ஆவல்.

போன் இருக்கும்போது எதற்கு இவள் கடிதம் எழுதுகிறாள் என்று நெற்றியைச் சுருக்காதே. பிசியோதெரபி பெண்ணின் உத்தரவு. "ஆன்ட்டி, விரல் தூங்கிடாம இருக்கணும்னா தினமும் ரெண்டு பக்கம் கையால எழுதுங்க. மளிகை லிஸ்ட்டா இருந்தாலும் பரவால்ல" என்றாள். எங்கள் வீட்டு மளிகை லிஸ்ட் நாலு வரியில் முடிந்துவிடும். உன்னைத் திட்ட ஆரம்பித்தால் நாற்பது பக்கம் போகும். ஆகவே இனி நீதான் என் உடற்பயிற்சி.

முதலில் வாழ்த்து. நம் நோய்க்கான அறக்கட்டளையின் செய்திமடலில் பார்த்தேன். 'ஆராய்ச்சி விண்ணப்பங்களைப் படிக்கும் நோயாளர் குழுவின் புதிய உறுப்பினர்கள்' என்று போட்டு உன் படம். சிரிக்கச் சொன்னார்களா, இல்லை பல்வலியா? முப்பது வருஷம் கணக்குப் பாடத்தில் ஊரார் பிள்ளைகளுக்கு முட்டை போட்ட கை, இப்போது டாக்டர்களுக்கு மார்க் போடப்போகிறது. பாவம் டாக்டர்கள்.

பதினோரு வருஷம் ஆகிவிட்டது, நினைவிருக்கிறதா? நரம்பு வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒரே நாள், ஒரே டாக்டர் வாயால் நமக்கு நோயின் பேர் தெரிந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நீ நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாய். நான், "என்ன டாக்டர், வெளிநாட்டு சோப்பு பேர் மாதிரி இருக்கு" என்றேன். அந்த நெட்டை டாக்டர் சிரித்துவிட்டு உடனே வெட்கப்பட்டார். அன்றிலிருந்து அவர்தான் எனக்கு வைத்தியம்.

கடைக்கு வருகிறவர்களுக்கு இன்னமும் ஹேர் டிரையர் வயரைக் காட்டித்தான் விளக்குகிறேன். மேலே இருக்கிற ரப்பர் உரிந்தால் என்ன ஆகும்? நினைத்தால் காற்று வரும், நினைத்தால் நிற்கும், தொட்டால் ஷாக் அடிக்கும். என் உடம்பு தன் வயரின் ரப்பரைத் தானே கடித்துத் தின்கிறது என்பேன். "ஐயோ" என்பார்கள். உடனே கண்ணாடிக்குக் கீழே இருக்கும் அறக்கட்டளை டப்பாவைக் காட்டுவேன். கத்தரிக்கோல் காதோரம் இருக்கும்போது கையை விரிக்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

உனக்கு வந்து வந்து போகிற வகை. எனக்குப் போகாமல் ஏறிக்கொண்டே இருக்கிற வகை. உன்னுடையது விருந்தாளி, என்னுடையது வீட்டோடு மாப்பிள்ளை. விருந்தாளியைக் கிளப்ப ஒரு டஜன் மருந்து இருக்கிறது. மாப்பிள்ளையை அசைக்கச் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

நாத்தனார் கடையில் உதவிக்கு வந்திருக்கிறாள். "அண்ணி, கை நடுங்குதே, நான் வெட்டட்டுமா?" என்று ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. முடியை அல்ல, என்னையே கடையிலிருந்து வெட்டிவிடப் பார்க்கிறாள்.

பதில் போடு.

உன்
பார்லர்க்காரி


மார்ச் 14

பார்லர்க்காரிக்கு,

கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் விஷயம் ஆறு வரி. மீதி உன் கடையில் கூட்டிப் பெருக்கிய முடி.

படத்தில் நான் சிரிக்கத்தான் செய்தேன். முகத்தின் இடப்பக்கம் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

நீ நினைப்பதுபோல் நாங்கள் யாருக்கும் முட்டை போடுவதில்லை. அறிவியல் சரியா என்று பார்க்க வேறு நிபுணர்கள் இருக்கிறார்கள். எங்கள் குழு பதினாறு பேர். எல்லாரும் நோயாளிகள், அல்லது நோயாளியைத் தூக்கி இறக்குகிறவர்கள். ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர், எங்களுக்குப் புரியும்படி இரண்டு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். நாங்கள் படித்துப் பத்துக்கு மார்க் போடுவோம். எங்கள் மார்க் பாதி, நிபுணர்கள் மார்க் பாதி. முப்பது விண்ணப்பம் வந்தால் நாலுக்குத்தான் பணம் காணும். மருந்துக் கம்பெனி லாபம் தெரிந்த பிறகுதான் வரும். ஒருவரும் கால் வைக்காத முதல் படிக்குப் பணம் தருவது இந்த மாதிரி அறக்கட்டளைதான். உன் டப்பாவும் அதற்குத்தான் போகிறது. அதனால் கத்தரிக்கோலைக் காட்டி மிரட்டுவதை மன்னிக்கிறேன்.

எங்களோடு ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார், இப்போது ஓட்டுவதில்லை. முதல் கூட்டத்தில் ஒரு பெரிய பேராசிரியரைப் பார்த்து, "மாசம் நாலு தடவை ஸ்கேனுக்கு வரணும்னு எழுதியிருக்கீங்க சார். யார் கூட்டிக்கிட்டு வருவா? லிஃப்டுலேர்ந்து கக்கூஸ் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். பேராசிரியர் முழித்தார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஒரு படிவம் உண்டு. ஆய்வை நடத்துபவரோ, அதில் சேரக்கூடியவரோ உங்களுக்குத் தெரிந்தவர் எவரேனும் உண்டா என்று கேட்கும். உண்டு என்று எழுதினால், அந்த விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். மார்க் போட முடியாது. நல்ல விதி. தன் பிள்ளை எழுதும் பரீட்சையைத் தானே திருத்தக் கூடாது.

இன்னொன்று. இதை நான் சொல்லக் கூடாது. உன் வகைக்கு ஒன்று வந்திருக்கிறது. உன் ஊரிலிருந்து. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இதற்கு மேல் கேட்காதே.

டீச்சர்


மார்ச் 22

என் தங்கமான டீச்சருக்கு,

என் ஊரிலிருந்து! இந்த ஊரில் அதற்கு ஒரே ஆள்தானே இருக்கிறார், அவரும் ஆறடி இரண்டு அங்குலம்!

நீ சொல்லவே வேண்டாம், எனக்கு எல்லாம் தெரியும். நெட்டை டாக்டர் போன வருஷமே சொல்லியிருக்கிறார். உரிந்துபோன ரப்பரை மறுபடி வளர வைக்கிற மருந்து. என் வகைக்காரர்கள் நாற்பது பேருக்குக் கொடுத்துப் பார்ப்பது. "பணம் மட்டும் வரட்டும்மா, லிஸ்ட்ல முதல் பேர் உங்க பேர்தான்" என்றார். நானும் முதல் பேர் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். எந்த லிஸ்டிலும் நான் முதலாவதாக இருந்ததில்லை, உனக்குத் தெரியாதா?

விளையாட்டு இருக்கட்டும். இடது கட்டைவிரல் போய்விட்டது டீச்சர். இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை. சீப்பைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். வலது கை எத்தனை மாதம் என்று டாக்டரைக் கேட்டேன். "ஒரு வருஷம் நல்லா ஓடும்" என்றார். மிக்ஸிக்குக் கடைக்காரன் உத்தரவாதம் சொல்கிற மாதிரி. அதற்குள் அந்த மருந்து வந்தால் கை நிற்கும். வராவிட்டால் நாத்தனார் ஜெயித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அறக்கட்டளைக்கு நிதி திரட்ட நடை. நடக்க முடியாதவர்களுக்காக நடக்க முடிந்தவர்கள் ஐந்து கிலோமீட்டர் நடந்தார்கள். நடக்க முடியாத நாங்கள் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டினோம். நான் ஒரு கையால் தொடையில் தட்டினேன். என் வீட்டுக்காரர் முதல் ஐந்நூறு மீட்டரிலேயே மூச்சு வாங்கித் திரும்பி வந்து, "எனக்கும் அந்த நோய் இருக்குமோ" என்றார். அது நோய் இல்லை, தொப்பை என்றேன்.

பத்துக்குப் பத்து போட்டுவிடு. கால் என்ன, காலில் உள்ள செருப்பு வரை பிடிக்கிறேன்.

உன் கட்டைவிரல் இல்லாத
பார்லர்க்காரி


ஏப்ரல் 5

ஏ லூசு,

அந்தக் கடிதத்தைக் கிழித்து, கிழித்ததை இரண்டு குப்பைத் தொட்டியில் பிரித்துப் போட்டேன். என் மகள், "என்னம்மா, கொலை பண்ணியா?" என்றாள்.

இப்படியெல்லாம் எழுதலாமா? குழுவில் இருக்கிறவருக்குச் சிபாரிசு போனால் விண்ணப்பத்தையே தள்ளுபடி செய்துவிடுவார்கள். அந்த டாக்டரையும் எனக்குத் தெரியும், உன்னையும் தெரியும். நியாயப்படி நான் ஒரே விண்ணப்பத்துக்கு இரண்டு தடவை எழுந்து வெளியே போக வேண்டும்.

நான் போனால் பதினைந்து பேர் மார்க் போடுவார்கள். அதில் எட்டுப் பேர் என் வகை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவரவர் கால் அவரவருக்கு வலிக்கும்.

படிவத்தில் என்ன எழுதினேன் என்று கேட்காதே. முப்பது வருஷத்தில் பரீட்சைத் தாளில் ஒரு அரை மார்க்கூட நான் யாருக்கும் கூட்டிப் போட்டதில்லை என்பதை மட்டும் நினைத்துக்கொள். கூட்டம் இருபத்தெட்டாம் தேதி.

உன்னிடம் இதுவரை நான் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வாயை மூடிக்கொண்டிரு. மூன்று வாரம். கடையில், வீட்டில், ஆஸ்பத்திரியில். உன்னால் முடியாது என்று தெரியும். இருந்தாலும் முயற்சி செய்.

கட்டைவிரலில் சூடு பட்டால் தெரியாது, இஸ்திரி பெட்டியிடம் போகாதே.

டீச்சர்


ஏப்ரல் 20

தெய்வமே,

புரிந்தது. ஒன்றும் கேட்க மாட்டேன். வாயைத் தைத்துவிட்டேன். கடையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு பேரிடம்தான் சொன்னேன், அதில் ஒருத்திக்குக் காது கேட்காது.

மற்றபடி செய்தி: எதிர்வீட்டுக் கல்யாணப் பெண் நெற்றியில் முடி வெட்டச் சொல்லி, வெட்டிய பிறகு அழுது, அவள் அம்மா வந்து சண்டை. தப்பு என்னுடையது இல்லை, அவள் நெற்றியே அவ்வளவுதான். நாத்தனார் அந்த அம்மாவுக்குக் காபி கொடுத்து, "அண்ணிக்கு முன்ன மாதிரி இல்லைங்க" என்றாள். காபி என் காசில்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெட்டை டாக்டர் தேய்ந்த சோப்பு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன டாக்டர், தூங்கலையா?"

"அந்த ஆராய்ச்சி விண்ணப்பம்மா. அடுத்த வாரம் குழு உக்காருது. மூணு வருஷ உழைப்பு."

எனக்குப் பாவமாகிவிட்டது. எத்தனை வருஷமாக எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்! ஒரு தடவையாவது நான் சொல்ல வேண்டாமா?

"அட, அதுக்கா முகத்தை இப்படி வச்சிருக்கீங்க? நிம்மதியா தூங்குங்க டாக்டர். உள்ள நம்ம ஆளு இருக்கு."

"யாரு?"

"உங்க பழைய பேஷண்ட்தான். எனக்குப் பக்கத்துக் கட்டில் டீச்சர். பத்துக்குப் பத்து நிச்சயம்."

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். மூடியைத் தேடி எடுத்துப் போட்டார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இதை நீங்க என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றார். பாவம், அவருக்கு அவ்வளவு சந்தோஷம். என் ரத்த அழுத்தத்தைக்கூடப் பார்க்க மறந்துவிட்டார்.

டாக்டர்தானே, அவரிடம் சொல்வது வெளியே சொன்னதில் சேராது என்று நினைக்கிறேன்.

உன்
வாய் தைத்த பார்லர்க்காரி


மே 19

டீச்சர்,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் எடுப்பதில்லை. உன் மகள் எடுத்து, "அம்மா தூங்குறாங்க" என்கிறாள். காலை பதினோரு மணிக்கா?

முடிவு வந்துவிட்டது, பார்த்தேன். நாலு விண்ணப்பம். நெட்டை டாக்டர் இல்லை. நாலைந்து தடவை பார்த்தேன், பக்கத்தைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தேன். கடைசியில் இருக்கிறது வந்து வந்து போகிற வகைக்கு ஒரு மாத்திரை. பதின்மூன்றாவது மாத்திரை! விருந்தாளிக்கு இன்னொரு பந்தி!

உங்கள் பதினாறு பேரில் எந்தக் கழுதை முட்டை போட்டது? அந்த டிரைவரா? அவனுக்குக் கக்கூஸ் தூரம் சரிப்படவில்லையா? நீ பத்துப் போட்டும் தோற்றிருக்கிறது என்றால் மீதிப் பேர் என்ன ஜென்மங்கள்?

டாக்டரிடம் கேட்கப் போனேன். லீவில் இருக்கிறாராம்.

வெள்ளிக்கிழமை ஒரு அம்மாளின் காதை வெட்டிவிட்டேன். கொஞ்சம்தான். ஆனால் காதில் ரத்தம் நிற்கவே நிற்காது, தெரியுமா? எனக்கு வெட்டியது தெரியவில்லை. அவள் கத்தியதால்தான் தெரிந்தது. நாத்தனார் கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினாள். பிடுங்கியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

இரண்டு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது.

பார்லர்க்காரி


ஜூன் 4

பார்லர்க்காரிக்கு,

உடம்பு சுமார். காதுக்காரி அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்புகிறேன்.

நான் குழுவில் இப்போது இல்லை. காரணம் விசேஷமாக ஒன்றுமில்லை.

நீ குறிப்பிட்ட அந்த மாத்திரை ஆய்வு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது. அறுபது பேரில் ஒருத்தியாக என்னைச் சேர்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. பார்ப்போம்.

டீச்சர்


ஜூன் 17

மதிப்பிற்குரிய கணக்கு டீச்சர் அவர்களுக்கு,

கணக்கு இப்போது புரிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் புரியும்.

மீதிப் பதினைந்து பேரில் எட்டுப் பேர் உன் வகை என்று நீயே எழுதினாய். அவரவர் கால் அவரவருக்கு வலிக்கும் என்றும் எழுதினாய். உன்னையும் சேர்த்தால் ஒன்பது. உன் வகைக்கு மாத்திரை வந்துவிட்டது, உன் ஊருக்கே வந்துவிட்டது, அறுபது பேரில் நீ ஒருத்தி. குழு வேலை முடிந்துவிட்டது, வெளியே வந்துவிட்டாய். பேஷ்!

பத்து மார்க்கை யாருக்குப் போட்டாய் டீச்சர்?

என் கை போனால் உனக்கென்ன? நீ மணி அடித்தால் வீட்டுக்குப் போகிறவள். நாங்கள்தான் பெயில்.

கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். வருகிற ஒவ்வொருத்தியிடமும். "பதினோரு வருஷ சிநேகிதி, தனக்கே மார்க் போட்டுக்கிட்டா" என்று. அறக்கட்டளையின் உள்ளூர் கிளையில் மூன்று பேரிடம் சொன்னேன். அவர்கள் உன் ஊர்க் கிளைக்குச் சொல்வார்கள். என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா?

மாவு மாத்திரையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பார்லர்க்காரி


ஆகஸ்ட் 2

பார்லர்க்காரிக்கு,

உன் வாய் எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் கிளைக் கூட்டத்தில் நான் நுழைந்தபோது மூன்று பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதனால் எழுதுகிறேன். விடைத்தாளைத் திருத்துவதுபோல் வரிசையாகச் சொல்கிறேன், அப்போதுதான் உனக்குப் புரியும்.

படிவத்தில் நான் எழுதியது: 'எவரும் இல்லை.' பொய். என் வாழ்க்கையில் நான் கையெழுத்துப் போட்டுச் சொன்ன ஒரே பொய். உன் கட்டைவிரலுக்காக.

உன் டாக்டரின் விண்ணப்பத்துக்கு நான் பத்துப் போட்டேன். என் மார்க் இல்லாமலே அதுதான் முதலிடம். அந்த எட்டுப் பேரும் ஒன்பதுக்குக் கீழே போடவில்லை. டிரைவர், "இவங்களுக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, முதல்ல அவங்களுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு மார்க் போட்டார். நான் பேசாமல் வெளியே போய் உட்கார்ந்திருந்தாலும் உனக்குக் கிடைத்திருக்கும். அதை நான் நம்பவில்லை. அது என் தப்பு. அதற்கு எனக்கு முட்டை.

மீதி உன் பங்கு. நீ ஆறுதல் சொன்ன அன்றைக்கே டாக்டர் அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதிவிட்டார். மார்க் எண்ணி முடித்த பிறகுதான் அவர்கள் அதைப் பிரித்திருக்கிறார்கள். 'குழு உறுப்பினர் ஒருவர் எனக்கு வேண்டியவர் என்று ஒரு நோயாளி வழியாக அறிந்தேன். மறைப்பது சரியில்லை.' உன் பெயரை அவர் எழுதவில்லை. என்னை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, என் படிவத்தை என் முன்னாலேயே வாசித்தார்கள். "அந்த நோயாளி யார்?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். இரண்டாவது பொய்.

விண்ணப்பம் தள்ளுபடி. இரண்டு வருஷம் அவர் மறுபடி போட முடியாது. அந்தப் பணம் பட்டியலில் அடுத்ததற்குப் போனது. அடுத்தது என் வகை மாத்திரை.

குழுவில் இருக்கிறவர்கள் ஆய்வில் சேரக் கூடாது என்று விதி. என்னை வெளியே அனுப்பியதால் நான் சேர முடிந்தது. நேற்று மாடிப்படி பதினாலையும் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினேன். மாவுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது உனக்குத்தான். உன் கையைக் கொடுத்து என் காலை வாங்கித் தந்திருக்கிறாய். எந்தச் சிநேகிதி செய்வாள்?

இனி எழுதாதே. கைக்குப் பயிற்சி வேண்டுமானால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நூறு வரை எழுதிப் பார். அதில் யாருக்கும் கெடுதல் இல்லை.

டீச்சர்


செப்டம்பர் 11

டீச்சர்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் நமக்கு இந்தக் கதியே இல்லையே.

உன் கடிதத்தைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து படித்தேன். கடையில் நாலு பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே இருந்தேன். இருபது வருஷம் அந்த நாற்காலியில் மற்றவர்களை உட்காரவைத்து, "பின்னாடி எப்படி இருக்கு பாருங்க" என்று காட்டியவள். எனக்கு யாரும் காட்டவில்லை.

கடையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டேன். அவள் நன்றாகத்தான் வெட்டுகிறாள். அதுதான் பெரிய வயிற்றெரிச்சல். நான் வாசல் பக்கம் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நம்பர் சொல்கிறேன். இடது கை மடியில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன கைப்பை மாதிரி. வலது கையில் இரண்டு விரல் உன் கடிதத்துக்குப் பிறகு தூங்கின. அதற்கும் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை. சும்மா சொன்னேன்.

உன்னைப் பற்றி நான் யாரிடமெல்லாம் சொன்னேனோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். டீச்சர் தப்பே பண்ணலை, நான்தான் உளறிக் கெடுத்தேன் என்று. "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். புரளிக்கு இருந்த மவுசு இதற்கு இல்லை.

டாக்டரையும் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "நீங்க வேற டாக்டர்கிட்ட காட்டிக்கறதுன்னா நான் எழுதித் தர்றேம்மா" என்றார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வெளியே போகச் சொன்னதில்லை.

இந்த நோய் என் உடம்பில் தொடாத ஒரே இடம் நாக்கு. அதை முதலில் தின்றிருக்கலாம்.

டீச்சர், மன்னித்துவிடு. மாவு மாத்திரை என்று சொன்னதற்கும் சேர்த்து. படி ஏறினாய் என்று படித்தபோது, எரிச்சல் வந்த பிறகு, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வரி எழுது. 'சரி' என்று ஒரு சொல் எழுது.

பார்லர்க்காரி


அக்டோபர் 9

உன் செப்டம்பர் 11 கடிதம் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.

மன்னிப்பு என்ற சொல் கடைசிப் பக்கத்தின் கடைசிப் பத்தியில் வருகிறது. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் உன்னைப் பற்றியது. கண்ணாடி பற்றிய பத்தி நன்றாக இருக்கிறது, ஆனால் கேட்கப்படாதது. டாக்டர் பற்றியது இரக்கம் சம்பாதிக்க.

பத்துக்கு மூன்று. கையெழுத்துக்கு மார்க் குறைக்கவில்லை.

டீச்சர்


மார்ச் 16

டீச்சர் அவர்களுக்கு,

இதை டைப் அடிக்கிறேன், ஒரு விரலால். கையெழுத்து என்ற பேச்சே இப்போது இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது, அதனால் வளவளப்பு இருக்காது. உனக்குப் பிடிக்கும்.

அறக்கட்டளையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் அம்மா வீட்டுக்கே வந்தார். "இத்தனை வருஷமா டப்பா வச்சு நிதி சேர்த்துக் குடுத்திருக்கீங்க. எல்லார்கிட்டயும் நல்லா பேசுறீங்க. நோயாளர் குழுவுல ஒரு இடம் காலியா இருக்கு. உங்களை மாதிரி ஒருத்தர்தான் வேணும்" என்றார். எப்படிக் காலியானது என்று கேட்டேன். பெருமூச்சு விட்டு, "பழைய உறுப்பினர் ஒருத்தர், விதியை மீறிட்டாங்க" என்றார். நான், "அடடா" என்றேன். அவர்களுக்கு என் பெயர் தெரியாது. டாக்டர் எழுதவில்லை, நீயும் சொல்லவில்லை, கிளையில் நான் சொன்ன உண்மைக்கு மவுசு இல்லாததால் அதுவும் மேலே போகவில்லை. நீ அன்று அந்த அறையில் வாயை மூடிக்கொண்டதால்தான் எனக்கு இந்த நாற்காலி. சக்கர நாற்காலியோடு சேர்த்தால் இரண்டு நாற்காலி.

ஒத்துக்கொண்டேன். நேற்று கூட்டம். "உங்க இடத்துல முன்ன இருந்த டீச்சரைத் தெரியுமா?" என்று டிரைவர் கேட்டார். தெரியாது என்றேன்.

ஆறாவதாக வந்த விண்ணப்பம் உன்னுடைய மாத்திரை. ஏற்கெனவே சாப்பிடுகிற அறுபது பேருக்கு இன்னும் இரண்டு வருஷம் கொடுக்கப் பணம் கேட்டிருக்கிறார்கள். இந்த வருஷம் போட்டி அதிகம். கிடைக்காவிட்டால் ஜூனோடு மாத்திரை நின்றுவிடும், நிஜ மாத்திரை கிடைத்தவர்களும் பழையபடி. எளிமையாகத்தான் எழுதியிருந்தார்கள், எனக்கே புரிந்தது.

படிவம் கொடுத்தார்கள். தெரிந்தவர் எவரேனும் உண்டா? பேனாவை உள்ளங்கையால் பிடித்து, 'எவரும் இல்லை' என்று எழுதினேன். வெளியே போகவில்லை. கடைசிவரை இருந்து மார்க் போட்டேன்.

எத்தனை என்று வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. நாத்தனார் துருவித் துருவிக் கேட்டாள், அவளிடமும் சொல்லவில்லை. கடையில் மூச்சு விடவில்லை. என் வாயிலிருந்து வெளியே போகாத முதல் விஷயம் இது.

முடிவு மே மாதக் கடைசியில். அதற்கு முன்னால் நீ கேட்டு எழுதலாம். பதில் போடக் கூடாது என்பது விதி.

இப்படிக்கு,
உறுப்பினர், நோயாளர் குழு